பாங்குக் கணக்கும் மாதக் கட்டணமும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நெசவுக் கூலியும், கரும்புக் கிரயமும், மரவள்ளிக் கிழங்கு விற்ற பணமும் இன்று பெரும்பாலும் பாங்குக் கணக்கின் வழியாகவே அங்கத்தினர் கைக்கு வருகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயியும், தறியில் துண்டு நெய்யும் தொழிலாளியும், கல்வராயன் மலையில் சாமை விளைவிக்கும் குடும்பத்தினரும் இவ்விஷயத்தில் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். கூலியைக் கையில் எண்ணி வாங்கிய காலத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அவ்விடத்திலேயே தெரிந்துவிடும், கேட்கவும் முடியும். கணக்கிலிருந்து பிடிக்கப்படும் பணமோ, கணக்கைப் படித்தால் மட்டுமே தெரியவரும். ஆகவே, பாங்குகள் பிடிக்கும் கட்டணங்கள் யாவை, அவை எவ்வாறு கணக்கிடப்படுகின்றன, அவற்றுள் எவற்றை நாம் தவிர்க்கலாம் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு நெசவாளரின் கேள்வி

கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கையின் பொருட்டு நாம் சென்றிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் ஒரு தாளுடன் வந்து நின்றார். மூன்று தறிகள் வைத்து நடத்துபவர் அவர். முந்தைய ஆண்டில் வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து துண்டுகளுக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தபோது, தொழிலின் பெயரில் கணக்கு வேண்டுமென்று வியாபாரி கூறியதால், ஒரு பாங்கில் நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆர்டர் முடிந்தது. அடுத்த பருவத்தில் ஊடைக்கு நூல் வாங்குவதற்கென்று அக்கணக்கில் ரூ. 2,000 விட்டுவைத்தார். பண்டிகைக்கு முன் அப்பணத்தை எடுக்கச் சென்றபோது இருந்தது ரூ. 230.

“ஐயா, நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. என் பணம் எங்கே போயிற்று?” என்று அவர் கேட்டார்.

தாளைப் பார்த்தவுடன் விடை தெரிந்தது. காலாண்டுச் சராசரி இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தமைக்காகக் காலாண்டு ஒன்றுக்கு ரூ. 500, அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம், ரூ. 90. ஆக ரூ. 590. மூன்று காலாண்டுகளுக்கு ரூ. 1,770. பாங்கு விதியை மீறியதாகக் கூற இடமில்லை. கணக்குத் தொடங்கியபோது அவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்திலேயே கட்டண அட்டவணைக்குச் சம்மதம் என்ற வாசகம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கைபேசிக்குச் செய்தியும் வந்திருக்கிறது. அச்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. கைபேசியோ திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருந்தது. பாங்கு மானேஜர் மரியாதையுடன் பேசினார். ஆயினும், பிடித்த பணத்தைத் திருப்பித் தருவதற்கு வழியில்லை என்றார். அந்தப் பருவத்தில் அவருடைய மூன்று தறிகளில் ஒன்று நூலின்றி நின்றது.

இதனை அவருடைய கவனக்குறைவு என்று கூறி நாம் நகர்ந்துவிட முடியவில்லை. ஏனெனில், அடுத்த வாரம் வேறொரு சங்கத்தின் பேரேட்டைப் பார்வையிட்டபோது, “பாங்குச் செலவு” என்ற தலைப்பில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். என்றோ முடிந்துபோன ஒரு திட்டத்தின் மானியத்திற்காகத் தொடங்கப்பட்ட இரண்டாவது கணக்கு அது. திட்டம் முடிந்த பின்னும் கணக்கு மூடப்படவில்லை, கட்டணமும் நிற்கவில்லை. அதே பேரேட்டில், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அவ்வரிகளுக்கு நேரே தணிக்கைக் குறி இட்டிருந்தவர் நாமே. ரசீது சரியாக இருந்தது, கூட்டல் சரியாக இருந்தது; செலவு வேண்டியதுதானா என்று நாம் கேட்கவில்லை. படித்துப் பட்டம் பெற்று, தணிக்கையைத் தொழிலாகக் கொண்ட நமக்கே தப்பிய ஒன்று, தறியில் அமர்ந்திருப்பவருக்குத் தப்பியதில் வியப்பில்லை. இப்பாடத்தை எழுதத் தூண்டியது அதுவேயாகும்.

கட்டணம் ஏன் வருகிறது?

கணக்கை வைத்துக் காப்பதற்குப் பாங்குக்கும் செலவு உண்டு. கிளைக் கட்டிடம், குமாஸ்தாக்களின் சம்பளம், கணிப்பொறி, பணம் வழங்கும் இயந்திரம் ஆகியவை இலவசமாக வருவனவல்ல. கணக்கில் தங்கும் பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி ஈட்டித்தான் பாங்கு இச்செலவைச் சரிக்கட்டுகிறது. பணம் தங்காத கணக்கில் அந்த வருமானம் இல்லை. ஆதலால் கட்டணம் விதிக்கிறது. இந்த நியாயத்தை நாம் முற்றிலும் மறுப்பதற்கில்லை. நமது சங்கமும் நுழைவுக் கட்டணமும் பங்குத் தொகையும் வாங்கித்தான் நடக்கிறது.

முன்னாளில் பாங்குகளின் சேவைக் கட்டணங்களை இந்தியப் பாங்குகள் சங்கம் ஒரே சீராக வகுத்து வந்தது. 1999ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு பாங்கும் தன் டைரக்டர் போர்டின் சம்மதத்துடன் தானே கட்டணத்தை நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் பாங்கு விட்டுவிட்டது. ஆகவே ஒரே கடைத்தெருவில் உள்ள இரண்டு பாங்குகளின் கட்டணம் இரண்டு விதமாக இருக்கலாம். சந்தையில் நூல் வாங்கும்போது இரண்டு கடைகளில் விலை கேட்பதுபோல இங்கும் கேட்கவேண்டியிருக்கிறது.

கேட்பதால் பயன் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இந்திய ஸ்டேட் பாங்கு 2012இல் கைவிட்டிருந்த குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தை 2017 ஏப்ரல் முதல் தேதி மீண்டும் கொண்டுவந்தது. சேமிப்புக் கணக்கில் மாதச் சராசரி இருப்பாகக் கிராமக் கிளைகளில் ரூ. 1,000, பெருநகரங்களில் ரூ. 5,000 இருக்கவேண்டும் என்றது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் இவ்வகையில் சேர்ந்த தொகை ரூ. 1,771 கோடி. அவ்வாண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அப்பாங்கு பெற்ற நிகர லாபத்தைக் காட்டிலும் இது அதிகம். பத்திரிகைகளிலும் பொதுமக்களிடையிலும் கேள்வி எழுந்தது. 2018 ஏப்ரலில் கட்டணம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு முழுவதும் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் கனரா பாங்கு ஜூன் முதல் தேதியும், பஞ்சாப் நேஷனல் பாங்கு ஜூலை முதல் தேதியும், இந்தியன் பாங்கு ஜூலை 7ஆம் தேதியும் இதனைப் பின்பற்றின.

ஆயினும் இச்சலுகை சேமிப்புக் கணக்கைப் பொறுத்தது. தொழிலின் பெயரில் தொடங்கும் நடப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பும் கட்டணமும் இன்றும் வழக்கத்தில் உள்ளன. சிறு தொழில் நடத்துவோர் இங்கேதான் ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும்.

வெளிநாட்டிலும் இப்போக்கு காணப்படுகிறது. இங்கிலாந்தில் சிறு சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் நெடுங்காலம் கட்டணமின்றிக் கணக்கு வைத்திருந்த பாங்குகளுள் எச்.எஸ்.பி.சி. 2021 நவம்பரில் மாதம் 5 பவுன் கட்டணம் விதித்தது. லாயிட்ஸ் பாங்கு 2025 ஜனவரியில் மாதம் 4.25 பவுன் விதித்தது. 1844இல் ரோச்டேல் நகரில், நெசவாளர் பலர் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் தம் காசுகளைச் சேர்த்துக் கூட்டுறவுக் கடையைத் திறந்ததும் இதே நாட்டில்தான். சிறு சங்கத்தின் சிறு கணக்கு பாங்குக்கு ஆதாயமில்லாத கணக்கு என்ற எண்ணம் இன்று கடல் கடந்தும் பரவியிருக்கிறது.

சராசரி இருப்பு என்பது யாது?

பலர், மாதக் கடைசியில் பணம் இருந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று. மாதத்தின் ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே மாதச் சராசரி இருப்பு. ஓர் உதாரணம் காண்போம்.

30 நாள் கொண்ட ஒரு மாதம். வேண்டிய சராசரி ரூ. 5,000 என்று கொள்வோம். முதல் நான்கு நாட்கள் கணக்கில் ரூ. 1,000 இருக்கிறது. 5ஆம் தேதி ரூ. 24,000 வரவாகிறது. 7ஆம் தேதி ரூ. 23,000 எடுக்கப்படுகிறது, அதன்பின் மாத முடிவு வரை ரூ. 2,000 நிற்கிறது.

முதல் 4 நாட்களுக்கு: 4 × 1,000 = 4,000
அடுத்த 2 நாட்களுக்கு: 2 × 25,000 = 50,000
மீதி 24 நாட்களுக்கு: 24 × 2,000 = 48,000
மொத்தம் 1,02,000, இதனை 30ஆல் வகுத்தால் சராசரி ரூ. 3,400.

ஆகவே ரூ. 1,600 குறைவு, கட்டணம் விழும். அதே பணத்தை 10ஆம் தேதி எடுத்திருந்தால், ரூ. 25,000 ஐந்து நாட்கள் தங்கியிருக்கும், ரூ. 2,000 என்ற இருப்பு 21 நாட்களே இருந்திருக்கும். 4,000 + 1,25,000 + 42,000 = 1,71,000. சராசரி ரூ. 5,700. மூன்று நாள் பொறுத்ததனால் கட்டணம் இல்லை. அடுப்பெரியக் காத்திருக்கும் கூலிப் பணத்திற்கு இவ்வழி பொருந்தாது. நூல் வியாபாரிக்குச் சில நாள் தவணையில் கொடுக்கும் பணத்திற்குப் பொருந்தும்.

மாதச் சம்பளம் பெறுவோரைவிட விவசாயியை இம்முறை அதிகம் பாதிப்பதையும் கவனிக்க வேண்டும். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கோ, சாமையோ, புளியோ விற்ற பணம் ஆண்டில் ஓரிரு தடவை சேர்ந்தாற்போல் வருகிறது. மற்ற மாதங்களில் கணக்கு வறண்டிருக்கும். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் இருப்புப் போதுமானதாக இருக்கலாம். மாதந்தோறும் பார்த்தால் பெரும்பாலான மாதங்களில் குறையும். மேலும், பிடித்த பணத்தைப் பற்றி விசாரிக்க மலைக் கிராமத்திலிருந்து கிளைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். நூறு ரூபாயைக் கேட்கப் போனால் அதற்குமேல் செலவு. இதனாலேயே அநேகர் கேட்பதில்லை.

எந்தக் கணக்கு யாருக்கு?

கட்டணத்தைத் தவிர்ப்பதில் முதற்படி, வேலைக்கேற்ற கணக்கைத் தேர்ந்துகொள்வதாகும்.

கூலியும் குடும்ப வருமானமும் பெறும் அங்கத்தினருக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கே போதும். இதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. பணம் கட்டுவதற்குக் கட்டணமில்லை. மாதத்தில் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். 2014 ஆகஸ்டு 28இல் தொடங்கிய ஜன தனத் திட்டத்துக் கணக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கேட்டு அதனை இவ்வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால், இவ்வகைக் கணக்கு உள்ள பாங்கிலேயே வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள், பதிவு பெற்றிருந்தாலும் பெறாவிட்டாலும், சேமிப்புக் கணக்குத் தொடங்க ரிசர்வ் பாங்கின் விதி இடந்தருகிறது. ஆகவே குழுவுக்கு நடப்புக் கணக்குதான் வேண்டும் என்று யாரேனும் கூறினால், இவ்விதியை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

தொழிலின் பெயரில் அடிக்கடி கொடுக்கல் வாங்கல் நடத்துவோருக்கு நடப்புக் கணக்கு தேவை. அதில் தங்கும் பணத்திற்குப் பொதுவாக வட்டி இல்லை என்பதை மறக்கக்கூடாது. தொடங்குமுன், வேண்டிய சராசரி இருப்பு எவ்வளவு, அது மாதத்திற்கா காலாண்டிற்கா, குறைந்தால் கட்டணம் எவ்வளவு, ரொக்கம் கட்டுவதற்குக் கட்டணமில்லாத வரம்பு எவ்வளவு, கணக்கை மூடக் கட்டணம் உண்டா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்டு விடையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டணமானாலும் அதன்மேல் 18 சதவீத வரி சேரும். மாதம் ரூ. 100 என்று கூறப்படுவது ரூ. 118 ஆகும், ஆண்டுக்கு ரூ. 1,416.

கடைகளில் கைபேசி வழியே பணம் பெறுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாங்குக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. முறையில் வரும் பணத்திற்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கலாகாது என்ற ஏற்பாடு உள்ளது. ஆனால் பணம் வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை பிடிப்பதுண்டு. பெட்டி வேண்டியதுதானா, அதன் வாடகை எவ்வளவு என்பதை வைத்திருப்போர் விசாரித்தல் நலம்.

நமக்குள்ள உரிமைகள்

சேமிப்புக் கணக்கைப் பொறுத்த வரையில், ரிசர்வ் பாங்கின் விதிகள் 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இருப்புக் குறைந்தால் பாங்கு முதலில் கணக்குதாரருக்கு அறிவிக்க வேண்டும். குறையைச் சரிசெய்ய ஒரு மாதத்திற்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்பவே கட்டணம் இருக்க வேண்டும். இக்கட்டணத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்திற்குக் கீழே போய்க் கணக்குதாரர் கடன்காரராகிவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இன்றிச் செயலற்றதாகிவிட்ட கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் விதிக்கக் கூடாது.

இவற்றுக்கு மாறாக நடந்தால், முதலில் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலில் முத்திரை பெறுக. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். கட்டணம் இருக்கிறதே என்ற வருத்தம் மட்டும் புகாராகாது; அறிவிக்காமல் பிடித்ததும், அட்டவணைக்கு மேல் பிடித்ததும் புகாராகும்.

சங்கத்தின் கடமை

தனி ஒருவர் நூறு ரூபாய்க்காகக் கிளைக்குப் போய்வர இயலாது என்று கண்டோம். நூறு பேருக்காக ஒருவர் போய்வர இயலும். கூட்டுறவு என்பதன் பொருள் இதுவன்றோ? ஆகவே நமது சங்கங்களுக்கு மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை “பாஸ் புத்தக நாள்” ஒன்றை நடத்துக. அங்கத்தினர் தம் பாஸ் புத்தகங்களைப் பதிவு செய்து கொண்டுவரட்டும். காரியதரிசியோ, படித்த இளைஞர் ஒருவரோ ஒவ்வொருவருடனும் தனித்தமர்ந்து, பிடித்தம் உள்ள வரிகளை மட்டும் படித்துக் கூறட்டும். ஒருவருடைய இருப்பை மற்றவர் அறியவேண்டியதில்லை. இரகசிய எண்ணை எவரும் கேட்கவோ கூறவோ கூடாது.

இரண்டாவது, நிர்வாகக் குழு சங்கத்தின் சொந்தக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. காரணம் எழுத முடியாத கணக்கை மூடிவிடுக. “பாங்குச் செலவு” என்ற வரிக்கு நேரே குறி இடுமுன் இப்பட்டியலைக் கேட்பதென்று நாமும் இப்போது வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, அருகிலுள்ள பாங்குகளின் கட்டண அட்டவணையைப் பெற்றுத் தமிழில் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. நமது மத்திய கூட்டுறவு பாங்கின் அட்டவணையும் அதில் இடம்பெறட்டும். நம்முடையது என்பதற்காக அதனிடம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

முன் கூறிய நெசவாளர் இப்போது அந்த நடப்புக் கணக்கை மூடிவிட்டு, கூலிக்கென்று அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார். செய்தி வரும் எண்ணையும் தம் வீட்டிலுள்ள கைபேசிக்கு மாற்றிக்கொண்டார். போன பணம் போனதுதான். ஆனால் சங்கத்தில் முதல் பாஸ் புத்தக நாள் நடந்தபோது, மற்ற அங்கத்தினரை வீடு வீடாகச் சென்று அழைத்து வந்தவர் அவரே. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து பார்க்கும் பழக்கத்தை நமது அங்கத்தினர் ஒவ்வொருவரும் கைக்கொள்வாராக.

கலந்துரையாடலுக்குரிய கேள்விகள்

1. உமது கணக்கு எவ்வகையைச் சேர்ந்தது? அதில் வேண்டிய இருப்பு எவ்வளவு?

2. சென்ற ஓராண்டில் உமது கணக்கிலிருந்து கட்டணமாகப் பிடித்த தொகை மொத்தம் எவ்வளவு?

3. மேற்கண்ட உதாரணத்தில் பணத்தை 9ஆம் தேதி எடுத்திருந்தால் சராசரி எவ்வளவு ஆகும்? கட்டணம் விழுமா?

4. உமது சங்கத்திற்கு எத்தனை பாங்குக் கணக்குகள் உள்ளன? ஒவ்வொன்றும் எதற்காக?